ஆவடிக் களியும் ஒலோர்கெசைலிச் சாம்பலும்

ஆவடி என்றவுடன் தமிழ்நாட்டு வாசகருக்குப் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும், 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடும், அம்மாநாடு ஏற்ற சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானமும் நினைவுக்கு வருவது இயல்பு. நிலவியல் நூல்களிலோ அப்பெயர் ஒரு பாறைப் படிவத்தைக் குறிக்கிறது. பெரும்பல்லிகள் நிலத்தை ஆண்ட கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியில், ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் மெல்லிய ஏடுகளாகப் படிந்து இறுகிய களிக்கல்லுக்கு, ஸ்ரீபெரும்புதூர்ப் படிவங்கள் என்ற பெரிய தொகுதியின் ஒரு பகுதியாக, ஆவடியின் பெயர் சூட்டப்பட்டது. வெள்ளானூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் செம்மண்ணுக்கும் சரளைக்கும் அடியில் கிடக்கும் இந்தப் பழங்களிக்கும், கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் எரிமலைகள் கக்கிய சாம்பலுக்கும், மனிதகுலத்தின் பழைய வரலாற்றை எழுதுவதில் எதிரெதிரான பங்கு உண்டு. சாம்பல் தன் காலத்தைத் தானே காட்டிக்கொடுத்தது. இப்பழங்களி என்று தவறாக இனங்காணப்பட்ட வேறொரு களியோ, நூற்றாண்டுக்கும் மேலாகத் தன்னுள் இருந்ததை மறைத்து வைத்திருந்தது. கென்யாவின் தொல்லிடங்கள் உலகப் பயணிகளின் வழிகாட்டி நூல்களில் இடம்பெற்றிருக்க, அவற்றுக்கு முன்பே கண்டறியப்பட்ட கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கு அதன் அருகில் வாழ்வோருக்கே அறிமுகமில்லாமல் போனதற்கு உரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

கண்டறிந்த கதை 1863-இல் தொடங்குகிறது. இந்திய நிலவியல் அளவைத் துறையில் 1858-இல் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்துப் படைத்திடலில், சரளைக்காக வெட்டப்பட்டிருந்த ஒரு குழியில், மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றங்கரைகளில் பூஷே தெ பெர்த் பல ஆண்டுகள் வாதாடி முன்வைத்த கற்கருவிகளை, 1859-இல் ஆங்கிலேய நிலவியலாரும் தொல்பொருளாரும் நேரில் சென்று ஆராய்ந்து, அவை அழிந்துபோன விலங்குகளின் காலத்தைச் சேர்ந்தவை என்று ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவு மனத்தில் இருந்திராவிட்டால் பல்லாவரத்துக் கல்லும் சரளையோடு சரளையாகச் சாலைக்குப் போயிருக்கும். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அவர் கொசஸ்தலையாற்றின் வடகரைப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்து ஓடைக்கு வந்தபோது, ஒன்றிரண்டாக அல்லாமல் ஏராளமான கருவிகள் மழைநீர் அரித்த பள்ளங்களில் கிடக்கக் கண்டார். 1866-இல் இவற்றைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை சென்னையிலேயே அச்சேறியது. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், சென்னையில் தினவர்த்தமானி இதழை நடத்தியவரும் அவரே. தமிழ் உரைநடையின் வரலாறும் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் வரலாறும் ஒரே குடும்பத்தில் சந்தித்துக்கொண்டன என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி.

அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவற்றுள் தலையாயது கைக்கோடரி. பெயரில் கோடரி இருந்தாலும் இதற்குக் காம்பு இல்லை. ஒரு முனை கூர்ந்து, மறுமுனை உள்ளங்கைக்கு அடங்கும்படி பருத்து, இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, இரு விளிம்புகளும் ஏறத்தாழ ஒத்த வளைவோடு அமைந்த கல் இது. நேர்க்கோட்டு வெட்டுவாய் கொண்ட பிளக்கும் கருவிகளும் இதனோடு சேர்ந்து கிடைக்கின்றன. செதுக்கத் தொடங்கும் முன்பே முடிவான வடிவம் மனத்தில் இருந்தாலன்றி இத்தகைய ஒழுங்கு கைகூடாது என்பதால், மனித மூளை வளர்ச்சியின் சான்றாக அறிஞர்கள் இதனை மதிக்கின்றனர். பிரான்சில் செயின்ட் அச்சூல் என்னும் இடத்தின் பெயரால் இம்மரபு அச்சூலியன் எனப்படுகிறது. இப்பள்ளத்தாக்கில் இக்கருவிகளுக்கு மூலப்பொருள் குவார்ட்சைட், அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மணற்கல் உருமாறி உண்டான மிகக் கடினமான கல். அல்லிக்குழி மலைகளின் கூழாங்கல் திரள்பாறைகளிலிருந்து இக்கற்கள் உதிர்ந்து, ஓடைகளின் வழியே சமவெளிக்கு வந்து சேர்ந்தன. இரும்புச் சத்தேறிச் சிவந்து இறுகிய செம்புறாங்கல் சரளை, அவற்றுள் பலவற்றைத் தன்னுள் பொதிந்துகொண்டது. செங்குன்றத்துக்குப் பெயர் தந்த செந்நிறமும் இச்செம்புறாங்கல்லுக்கே உரியது.

இக்கண்டுபிடிப்பால் சென்னையின் பெயர் உலகத் தொல்லியலில் நிலைத்தது. இந்தியாவின் பழைய கற்காலத்தை வடமேற்கில் சோன் ஆற்று மரபு என்றும், தெற்கில் சென்னைக் கைக்கோடரி மரபு என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. 1930-இல் கம்மியாட், மைல்ஸ் பர்கிட் இருவரும் தென்கிழக்கு இந்தியக் கற்கருவிகளை வரிசைப்படுத்தி, மழை மிகுந்த காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வந்ததாக ஒரு கால அடைவை முன்வைத்தனர். இந்த பர்கிட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொல்பழங்காலம் கற்பித்தவர்; அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர், பின்னர் கென்யாவைத் தொல்மானிடவியலின் தலைவாசலாக்கிய லூயிஸ் லீக்கி. 1935-இல் யேல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆய்வுக்குழு இந்தியா வந்தபின், வி. டி. கிருஷ்ணசாமி கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் கரைப்படிகளை நுணுகி ஆராய்ந்து, வடமதுரை, அத்திரம்பாக்கம் ஆகிய இடங்களின் கருவிகளை அவற்றோடு பொருத்தினார். 1960-களின் முற்பகுதியில் இந்தியத் தொல்லியல் அளவைத் துறையின் கே. டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியம் குகைகளிலும் அகழ்ந்தார். ஆக, அறிவாளர் கவனம் ஒருபோதும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஆனால் கருவிகளின் வயதைச் சொல்ல எவராலும் இயலவில்லை. வயது தெரியாத தொன்மைக்குப் பொதுமக்களின் கற்பனையில் இடம் பிடிப்பது கடினம்.

கென்யாவில் நடந்தது வேறு. நைரோபியிலிருந்து தென்மேற்கே, சோடா உப்பு விளையும் மகாடி ஏரிக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் ஒலோர்கெசைலி என்ற இடம் உள்ளது. சென்னையிலிருந்து அத்திரம்பாக்கமும் ஏறக்குறைய அதே அளவு தொலைவில், 60 கிலோமீட்டரில், இருக்கிறது. ஃபூட்டின் கண்டுபிடிப்புக்கு 56 ஆண்டுகள் கழித்து, 1919-இல், ஜான் வால்டர் கிரெகரி என்ற நிலவியலார் ஒலோர்கெசைலியில் கற்கருவிகள் இருப்பதைக் குறித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லூயிஸ் லீக்கியும் மேரி லீக்கியும் அங்கே சென்றபோது, முன்னாளைய ஏரி ஒன்றின் வெண்ணிறப் படிவுகளின்மேல் நூற்றுக்கணக்கான கைக்கோடரிகள் நெருக்கமாகக் கிடந்தன. அக்காலத்தில் கென்யாவில் சிறை வைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகள் அகழ்வில் வேலை செய்தனர். லீக்கி தம்பதியர் அப்போது எடுத்த ஒரு முடிவே அவ்விடத்தின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது. கருவிகளைப் பொறுக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடாமல், அவற்றுள் ஒரு பெருந்தொகுதியைக் கிடந்த நிலையிலேயே விட்டு, மேலே கூரையிட்டு, மிதிபடாமல் காண மரத்தால் உயர்த்திய நடைபாதை அமைக்கச் செய்தனர். 1947-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நைரோபியில் லீக்கி கூட்டிய அனைத்து ஆப்பிரிக்கத் தொல்பழங்கால மாநாட்டுக்கு வந்த அறிஞர்கள் வழியே அதன் புகழ் பல நாடுகளுக்கும் சென்றது.

இன்றும் கென்யாவுக்குச் செல்லும் இந்தியப் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் மாசாய் மாராவின் சிங்கங்களையும், அம்போசெலியின் யானைகளையும், மொம்பாசாக் கடற்கரையையும் கண்டு திரும்புகின்றனர். ஒலோர்கெசைலி, எல்மென்டெய்ட்டா ஏரிக்கு அருகே 1928-இல் அறியப்பட்ட கரியாண்டுசி ஆகிய இரண்டும் அவர்கள் பயணத் திட்டத்தில் அரிதாகவே சேர்கின்றன. கரியாண்டுசியை ஒட்டி டயட்டமைட் என்ற வெண்மண் தோண்டும் சுரங்கம் உள்ளது. நுண்ணிய நீர்ப்பாசிகளின் ஓடுகள் ஏரியடியில் தேங்கி உண்டான மண் அது. ஆயினும் அங்கே போக விரும்பும் பயணிக்கு வழியும், காவலரும், விளக்கம் சொல்பவரும் உண்டு. ஒலோர்கெசைலியில் 1961 முதல் 1965 வரை அகழ்ந்த கிளின் ஐசக், அத்தனை கருவிகள் ஓரிடத்தில் குவிந்ததற்கு மனிதர் மட்டுமே காரணமா, ஓடும் நீரும் அவற்றைத் திரட்டியதா என்ற கடினமான கேள்வியை எழுப்பி, தொல்லியல் தளங்கள் உருவாகும் முறையையே ஆய்வுக்கு உரியதாக்கினார். 1985 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ரிக் பாட்ஸ் தலைமையில் ஆய்வு தொடர்ந்தது. 2003-இல் ஏறத்தாழ 9 லட்சம் ஆண்டுப் பழைமையுள்ள ஒரு மண்டையோட்டுப் பகுதியும் அங்கே கிடைத்தது. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. சில விலங்குகளின் பற்களும், களியில் பதிந்த குளம்புத் தடங்களுமே கிடைத்துள்ளன. இந்தியா முழுவதற்குமே பழைய கற்காலத்து மனித எலும்பு என்று சொல்லத்தக்கவற்றுள் முதன்மையானது, நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் கண்டெடுக்கப்பட்ட மண்டையோடுதான்.

இந்த வேறுபாட்டுக்கு நிலமே பொறுப்பு. பிளவுப் பள்ளத்தாக்கில் எரிமலைகள் விட்டுவிட்டுச் சீறியதால், ஏரிப் படிவுகளுக்கு இடையிடையே சாம்பல் அடுக்குகள் தங்கின. எரிமலைச் சாம்பலின் படிகங்களில் உள்ள பொட்டாசியத்தின் ஒரு பகுதி, மாறா வேகத்தில் ஆர்கான் வாயுவாகச் சிதைகிறது. படிகத்தில் சேர்ந்த ஆர்கானை அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரியும். இரு சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே கிடக்கும் கருவியின் காலத்தை இவ்வாறு இரு எல்லைகளுக்குள் அடக்கிவிடலாம். உவர் ஏரிகளின் காரத்தன்மை எலும்புகளையும் காத்தது. தொண்டை மண்டலத்தில் எரிமலை இல்லை. இங்குள்ள செம்புறாங்கல்லோ, கனமழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கியதால் கரையக்கூடியதெல்லாம் கரைந்து வெளியேறியபின் எஞ்சிய பொருள். அதில் எலும்பு நிலைப்பதில்லை. ஆகவே கென்யாவில் கல்லும், எலும்பும், காலமும் ஒருசேரக் கிடைக்க, கொசஸ்தலைப் பள்ளத்தாக்கில் கல் மட்டுமே எஞ்சியது.

நிலத்தின் குறையோடு ஆய்வாளரின் பிழையும் சேர்ந்தது. அத்திரம்பாக்கத்தில் சரளை அடுக்குகளுக்குக் கீழே ஏடேடாகப் படிந்த களி ஒன்று உண்டு. முன்னோடி ஆய்வாளர்கள் அதனை ஆவடிக் களிக்கல் என்றே கொண்டனர். பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தைய கிரெட்டேசியப் படிவத்தில் மனிதக் கருவி இருக்க வழியில்லை ஆகையால், களி தட்டுப்பட்டதும் அகழ்வை நிறுத்துவது நியாயமாகவே தோன்றியது. 1999-இல் சாந்தி பப்புவும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் ஆய்வாளர்களும் அங்கே அகழத் தொடங்கியபோது அந்தக் களிக்குள்ளும் இறங்கினர். அச்சூலியன் கைக்கோடரிகளும், பிளக்கும் கருவிகளும், செதுக்கும்போது தெறித்த சில்லுகளும் களியினுள்ளேயே கிடைத்தன. அது கிரெட்டேசியக் களி அன்று. வெள்ளம் மெல்ல மெல்லக் கொண்டுவந்து பரப்பிய வண்டல் என்பதும், மனிதர்கள் மீண்டும் மீண்டும் அவ்விடத்துக்கு வந்து தங்கினர் என்பதும் தெளிவாயின. 136 ஆண்டுகளாக அத்தளத்தின் அடித்தளம் என்று கருதப்பட்டது, அதன் மிகப் பழைய அத்தியாயமாக மாறிற்று. இந்தியத் தொல்லியலில் இதைக் காட்டிலும் அமைதியாக நிகழ்ந்த பெருந்திருப்பம் வேறொன்றைச் சொல்வது அரிது.

சாம்பல் இல்லாத குறையை இயற்பியல் நிறைவு செய்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் திறந்தவெளியில் கிடக்கும் படிகக்கல்லைத் தாக்கும்போது அதனுள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரு கதிரியக்க ஐசோடோப்புகள் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்தபின் புதிதாக உண்டாவது நின்று, ஏற்கெனவே உண்டானவை தேயத் தொடங்குகின்றன. அலுமினியம் விரைந்தும் பெரிலியம் மெதுவாகவும் தேய்வதால், ஒரே பொழுதில் ஏற்றி வெவ்வேறு வேகத்தில் உருகும் இரண்டு மெழுகுவத்திகளின் மீதி உயரத்தைக் கொண்டு கழிந்த நேரத்தைக் கணிப்பதுபோல, கல் புதைந்த காலத்தைக் கணிக்க முடிகிறது. இதனோடு, புவியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்த காலங்களின் தடம் களியில் பதிந்துள்ளதா என்பதும் ஆராயப்பட்டது. 2011 மார்ச்சில் சயின்ஸ் இதழில் வெளியான முடிவின்படி, அத்திரம்பாக்கத்துக் கீழடுக்குக் கருவிகள் குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள் பழையவை. அளவீடுகளின் சராசரி ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். அதே ஆண்டு பிற்பகுதியில், கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே கொக்கிசெலெய் என்ற இடத்து அச்சூலியன் கருவிகள் 17 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையவை என்று அறிவிக்கப்பட்டது. அப்போது அறியப்பட்டிருந்த உலகின் மிகப் பழைய கைக்கோடரிகளுக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் கைக்கோடரிகளுக்கும் இடையேயான கால இடைவெளி இவ்வாறு எதிர்பாராத அளவு குறுகியது.

2018-இல் இந்த இணை மீண்டும் நிகழ்ந்தது. பெரிய கைக்கோடரியைக் கைவிட்டு, முன்கூட்டியே தயாரித்த கருக்கல்லிலிருந்து சிறிய, மெல்லிய சில்லுகளைப் பெயர்த்துப் பயன்படுத்திய அடுத்த கட்டம் இந்தியாவில் இடைப் பழங்கற்காலம் எனப்படுகிறது. அம்மாற்றம் அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அவ்வாண்டுத் தொடக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் நேச்சர் இதழில் எழுதினர். சில வாரங்களில், ஒலோர்கெசைலியில் அதை ஒத்த மாற்றம் ஏறத்தாழ 3 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிந்திருந்தது என்றும், தொலைவிலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடிக் கல்லால் அங்கே கருவிகள் செய்யப்பட்டன என்றும் பாட்ஸ் குழுவினர் அறிவித்தனர். புதிய நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வெகு பிற்காலத்தில்தான் வந்தது என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்திருக்கிறது. அதைச் செய்தவர் எந்த மனித இனத்தவர் என்பதை எலும்பு கிடைக்கும்வரை கற்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். ஃபூட் பல்லாவரத்தில் கல்லெடுத்ததற்கு மறு ஆண்டு, 1864-இல், பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் ஒற்றுமையை விளக்க, கடலில் மூழ்கிய லெமூரியா என்ற நிலப்பரப்பைக் கற்பித்தார். அக்கருத்து பின்னர் தமிழ்ச் சூழலில் பெற்ற வளர்ச்சி யாவரும் அறிந்தது. நிலப்பலகைகள் நகர்கின்றன என்று நிறுவப்பட்டபின் நிலவியலுக்கு லெமூரியா தேவைப்படவில்லை. ஆப்பிரிக்கக் கைக்கோடரிக்கும் தமிழ்நாட்டுக் கைக்கோடரிக்கும் உள்ள உறவை விளக்கவும் அது தேவையில்லை. மேற்கு ஆசியாவில், கலிலேயாக் கடலுக்குத் தெற்கே உபெய்தியா என்ற இடத்தில் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுப் பழைய அச்சூலியன் கருவிகள் உள்ளன. நிலவழியே பல தலைமுறைகளாகப் பரவியதற்கு அது போதிய அடையாளம். தமிழரின் தொன்மைக்கு மூழ்கிய கண்டத்தைத் தேடும் ஆர்வத்தில் ஒரு சிறு பங்கேனும், கண்ணெதிரே கிடக்கும் கொசஸ்தலைக் கரைமேல் சென்றிருக்க வேண்டும்.

ஆவடி வட்டாரத்து வெள்ளானூரிலிருந்து இந்நிலத்தைக் காணச் செல்வோருக்கு வழி நெடுகிலும் செய்தி உண்டு. வடமேற்கே தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டு, ஆற்றுநீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, 1872 முதல் சென்னை நகருக்குக் குடிநீர் தந்த அமைப்பின் தலைமதகு. அதற்கப்பால், ஆரணியாற்றை அடுத்த வடமதுரை, கிருஷ்ணசாமி ஆராய்ந்த கருவிகளின் ஊர். மேற்கே திருவள்ளூரைக் கடந்தால், 1944-இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய பூண்டி நீர்த்தேக்கம். அதை ஒட்டி, மாநிலத் தொல்லியல் துறை 1985-இல் நிறுவிய அகழ்வைப்பகத்தில் இப்பள்ளத்தாக்கின் கற்கருவிகள் காலவரிசையில் வைக்கப்பட்டுள்ளன. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் உள்ளன. குகை என்று வழங்கினாலும் இவை ஆழ்ந்த சுரங்கங்கள் அல்ல. கூழாங்கற்கள் பதிந்த திரள்பாறை மேலே கவிந்து நிற்க, அடிப்பகுதி அரிக்கப்பட்டு உண்டான பாறை ஒதுக்கிடங்கள். காட்டின் வழியே நடந்துதான் சேர வேண்டும். பாறைக் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருப்பதால் புகை, கூச்சல் இரண்டையும் தவிர்ப்பது உயிர்காக்கும் ஒழுக்கம். உள்ளூர் மக்கள் அங்கே அம்மனை வழிபடுவதால், கற்காலத்து ஒதுக்கிடம் இன்றும் மனிதர் வந்துபோகும் இடமாக இருக்கிறது.

ஃபூட் நாற்பதாண்டுக் காலம் திரட்டிய கற்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்குப் பெற்றது. 1912-இல் அவர் இறந்தபின் அவற்றின் விவர அட்டவணை அச்சாயிற்று. எழும்பூரில் அக்கற்களைக் காண்பவருக்குக் கருவியின் வடிவம் தெரியும். அது எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து, எந்த முகம் மேலாகக் கிடந்தது என்பது தெரியாது. ஒலோர்கெசைலியின் மர நடைபாதை மேல் நிற்பவருக்குத் தெரிவது அதுவே. பல்லாவரத்துக் குழி நகரத்துக்குள் மறைந்துவிட்டது. சரளை வெட்டுவதும் மனை போடுவதும் செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர்வரை செம்புறாங்கல் நிலத்தை ஆண்டுதோறும் குறைத்து வருகின்றன. சரளைக் குழியில்தான் முதல் கருவி கிடைத்தது என்றாலும், ஆராயும் கண் இல்லாத இடத்தில் குழி அழிப்பதாகவே முடியும். அத்திரம்பாக்கத்தில் இதுவரை அகழப்பட்டது தளத்தின் ஒரு சிறு பகுதியே. எஞ்சியதில் ஒரு துண்டு நிலத்தையேனும், களியும் அதன்மேல் சரளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி வெட்டி, கருவிகளைக் கிடந்த நிலையிலேயே விட்டு, கூரையிட்டு, அம்பத்தூர், ஆவடிப் பள்ளி மாணவர்கள் ஒரு காலைப் பொழுதில் வந்து காணும்படி திறந்து வைப்பதற்கு, 1947-இல் கென்யாவில் இருந்த வசதிகளைவிடக் கூடுதலாக எதுவும் தேவையில்லை.